பெய்ரோனி நோய்க்கான சத்திரசிகிச்சைகள்: வளைவு மாறுவது நின்ற பிறகு என்ன செய்யலாம்?

ஆண்குறி விறைக்கும்போது முன்பு இல்லாத ஒரு வளைவு தோன்றுவதும், தொட்டுப் பார்த்தால் தோலுக்கு அடியில் கட்டியாக ஓர் இடம் தட்டுப்படுவதும், ஆரம்ப மாதங்களில் விறைப்போடு வலி வருவதும் பெய்ரோனி நோயின் வழமையான அறிகுறிகள். பதினைந்தாம் லூயி மன்னனின் சத்திரசிகிச்சை வைத்தியராயிருந்த பிரான்சுவா ஜிகோ டி லா பெய்ரோனி 1743இல் இதைப் பற்றி எழுதியதால் அவருடைய பெயர் நோய்க்கு நிலைத்துவிட்டது. பெரும்பாலும் ஐம்பது வயதை அண்டியவர்களிடம் காணப்பட்டாலும் இளவயதினருக்கும் வரலாம். இது புற்றுநோய் அல்ல. பால்வினைத் தொற்றும் அல்ல. எவரிடமிருந்தும் ஒட்டியதும் அல்ல. கொழும்பில் இந்த நோய் கண்ட பலர் அதைத் தொற்றென்று அஞ்சி மனைவியிடமும் மறைக்கிறார்கள். மருந்துக்கடையில் தாழ்ந்த குரலில் எண்ணெயோ லேகியமோ கேட்டு வாங்கிப் பல மாதங்களைக் கழிக்கிறார்கள். அப்படி மறைக்க வேண்டிய நோய் இதில்லை என்பதையும், தீவிரமான வளைவுக்கும் நன்கு பழகிய சத்திரசிகிச்சை முறைகள் இருக்கின்றன என்பதையும் விளங்கவைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். ஆண்குறிக்குள் இரத்தத்தால் நிரம்பி விறைப்பைத் தரும் இரண்டு உருளைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றி டியூனிக்கா அல்புஜீனியா எனப்படும் உறுதியான வெண்ணிற உறை உள்ளது. தளர்ந்திருக்கும்போது ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள இந்த உறை, விறைப்பின்போது எல்லாத் திசையிலும் இழுபட்டு அரை மில்லிமீற்றருக்கும் மெல்லியதாகிவிடுகிறது. பெய்ரோனி நோயில் இந்த உறையின் ஒரு பகுதியில் தழும்பு உண்டாகித் தகடுபோல் இறுகுகிறது. சிலருக்குக் கல்சியம் படிந்து அது எலும்புபோல் கடினமாவதும் உண்டு. தகடுள்ள பக்கம் நீளாது, மற்றப் பக்கம் வழமைபோல் நீளும். ஆகவே குறி தகடுள்ள பக்கமாக வளைகிறது. தகடு பெரும்பாலும் மேற்பக்கத்தில் உண்டாவதால் மேல்நோக்கிய வளைவே அதிகம். சிலருக்கு ஓரிடத்தில் மட்டும் சுற்றளவு குறைந்து இடுப்பு ஒடுங்கியதுபோல் ஆகும். அந்த இடத்தில் குறி மடங்கிவிடும். நீளம் ஓரளவு குறைவது பெரும்பாலானோருக்கு நேர்கிறது.

உடலுறவின்போது நாமறியாமலே உறைக்கு ஏற்படும் சிறு காயங்கள் ஒழுங்காக ஆறாமல் தழும்பாவதே காரணம் என்பது பரவலான கருத்து. நீரிழிவு உள்ளவர்களிடமும், உள்ளங்கைத் தோலுக்கு அடியிலுள்ள சவ்வு இறுகி விரல்கள் மடங்கிப்போகும் டுப்பிட்ரன் நோய் உள்ளவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

சத்திரசிகிச்சை பற்றிய முடிவில் காலத்துக்கு முதலிடம் உண்டு. இந்நோய்க்கு இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. முதற்கட்டத்தில் வலி இருக்கும். வளைவின் அளவும் திசையும் மாறிக்கொண்டிருக்கும். பொதுவாக ஒரு வருடத்துக்குள், சிலருக்கு ஒன்றரை வருடம்வரை சென்று, வலி தணிந்து வளைவு ஓரளவில் நிலைத்துவிடும்; அது இரண்டாம் கட்டம். மாறிக்கொண்டிருக்கும் வளைவை வெட்டித் திருத்தினால், தழும்பு தொடர்ந்து இறுகித் திருத்தத்தையே குலைத்துவிடலாம். ஆகவே நோய் தொடங்கி ஒரு வருடமாவது கழிந்து, வலி நின்று, கடைசி மூன்று முதல் ஆறு மாதங்களில் வளைவு மாறாதிருந்தால் மட்டுமே சத்திரசிகிச்சையை யோசிப்பார்கள். உடனே வெட்டித் தருகிறேன் என்று சொல்பவரைவிட, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லும் வைத்தியரையே நான் நம்பச் சொல்வேன்.

காத்திருக்கும் காலம் வீணான காலம் அல்ல. வலிக்கு வலிநிவாரணி தருவார்கள். விறைப்பு குறைந்திருந்தால் அதற்குரிய குளிசை தருவார்கள். நாள்தோறும் குறியை மெதுவாக இழுத்து வைத்திருக்கும் இழுவைக் கருவி சிலருக்கு நீளக் குறைவையும் வளைவையும் ஓரளவு மட்டுப்படுத்துகிறது. கொலாஜினேஸ் என்னும் நொதியைத் தகட்டுக்குள் ஊசியாக ஏற்றும் முறைக்கு அமெரிக்காவில் 2013இல் அனுமதி கிடைத்தது. ஐரோப்பியச் சந்தையிலிருந்து அதன் உற்பத்தியாளர் 2020இல் அம்மருந்தை விலக்கிக்கொண்டார். நீண்டகாலமாக எழுதிக்கொடுக்கப்பட்டுவந்த விற்றமின் ஈ குளிசையால் வளைவு நிமிர்வதில்லை. அமெரிக்க சிறுநீரியல் சங்கத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டல் அதைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. தானாக நிமிர்வது பத்தில் ஒருவருக்கு அளவிலேயே நிகழ்கிறது.

வளைவு இருப்பதாலேயே சத்திரசிகிச்சை தேவையென்று ஆகிவிடாது. உடலுறவுக்குத் தடையில்லை, இருவருக்கும் வலியில்லை என்றால் 30 பாகை வளைவோடும் ஒருவர் நிம்மதியாக வாழலாம். அவருக்குத் தேவையானது இது ஆபத்தில்லை என்ற உறுதிமொழி மட்டுமே. உறவு இயலாமற்போகும்போது, அல்லது மிகுந்த சிரமத்தோடு மட்டுமே இயலும்போது, சத்திரசிகிச்சையின் கதவு திறக்கிறது.

எந்த முறை பொருந்தும் என்பதை முடிவுசெய்ய, விறைத்த நிலையில் குறியை வைத்தியர் பார்த்தாக வேண்டும். கிளினிக்கில் மெல்லிய ஊசியால் மருந்தேற்றி விறைப்பை வரவழைத்து, பாகைமானியால் வளைவை அளந்து, டொப்ளர் ஸ்கான் மூலம் தகட்டின் இடத்தையும் இரத்த ஓட்டத்தையும் பார்ப்பார்கள். இந்த ஊசிக்குப் பிறகு விறைப்பு நான்கு மணித்தியாலத்தைத் தாண்டியும் தணியாவிட்டால் உடனே வைத்தியசாலைக்குத் திரும்ப வேண்டும். இதை அலட்சியம் செய்தால் நிரந்தரப் பாதிப்பு வரும். வீட்டிலேயே விறைத்த நிலையில் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும், முகம் தெரியாதபடி, கைபேசியில் எடுத்த படங்களும் பெரிதும் உதவும். நீளத்தையும் அப்போதே அளந்து குறித்துவைப்பது அவசியம். நோயே நீளத்தைக் குறைத்திருக்கும். சத்திரசிகிச்சைக்கு முன் அளவு எடுக்காவிட்டால், பிறகு எல்லாக் குறைவும் சத்திரசிகிச்சையின் தலையில் விழும்.

குளிசையின் உதவியோடாவது போதிய விறைப்பு வருகிறதா? வளைவு 60 பாகைக்குக் குறைவா, கூடுதலா? இடுப்பு ஒடுங்கியது போன்ற குறுகல் உண்டா? நீளம் போதுமானதா? மூன்று வகைச் சத்திரசிகிச்சைகளில் எதைத் தேர்வது என்பது இந்த நான்கு கேள்விகளின் விடையைப் பொறுத்தது. எல்லோருக்கும் சிறந்தது என்று ஒரு முறை கிடையாது. நண்பர் ஒருவருக்கு நன்றாக அமைந்த முறை உங்களுக்குக் கேடாகவும் முடியலாம்.

விறைப்பு நன்றாக இருந்து, வளைவு 60 பாகைக்குள் இருந்து, குறுகலும் இல்லையென்றால் பொதுவாக முதலில் சொல்லப்படுவது, தகட்டைத் தொடாமல் அதற்கு எதிர்ப்பக்கத்தைச் சுருக்கும் முறை. ஒரு சட்டையின் ஒரு பக்கம் சுருங்கிப்போனால், மற்றப் பக்கத்தைப் பிடித்துத் தைத்துச் சமமாக்கலாம். அல்லது சுருங்கிய பக்கத்தை வெட்டி ஒட்டுத்துணி வைத்து நீட்டலாம். இவற்றில் மற்றப் பக்கத்தைப் பிடித்துத் தைப்பதே இந்த முறை. றீட் நெஸ்பிட் என்ற அமெரிக்க வைத்தியர் 1965இல் பிறவி வளைவுக்காக விவரித்த முறையில், வளைவின் வெளிப்பக்க உறையிலிருந்து இலை வடிவில் ஒரு சிறு துண்டை வெட்டியெடுத்து விளிம்புகளைச் சேர்த்துத் தைப்பார்கள். 1979இல் அது பெய்ரோனி நோய்க்கும் பயன்படுத்தப்பட்டது. 1990இல் யாக்கியா என்பவர் துண்டை வெட்டியெடுக்காமல், நீளவாக்கில் கீறிக் குறுக்குவாக்கில் தைக்கும் முறையை வெளியிட்டார். உறையை வெட்டாமலேயே கரையாத நூலால் மடித்துத் தைக்கும் முறைகளும் உண்டு. அவற்றில் பதினாறு புள்ளி முறை என்று 2002இல் வெளியானது இன்று பலரும் செய்வது. அதில் உறையின்மேல் புள்ளிகளைக் குறித்து, விறைப்பை வரவழைத்தபடியே முடிச்சுகளைக் கொஞ்சங் கொஞ்சமாக இறுக்கி, நிமிர்ந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பின்பே முடிச்சுகளைக் கட்டுவார்கள்.

இம்முறையின் பெரிய நன்மை, விறைப்புக்குக் கேடு வருவது அரிது என்பதே. உருளைகளுக்குள் எதுவும் குடையப்படுவதில்லை. சத்திரசிகிச்சை நேரமும் குறைவு. மேல்நோக்கி வளைந்த குறியில் தையல் கீழ்ப்பக்கத்தில், சிறுநீர்க்குழாயின் இருபுறமும் விழும். அங்கே உணர்வு நரம்புகள் அதிகமில்லை. கீழ்நோக்கி வளைந்ததாயின் மேற்பக்கத்தில் தைக்க வேண்டும். அங்கேதான் குறியின் தலைக்குச் செல்லும் நரம்புகளும் நாடிகளும் கொத்தாக ஓடுகின்றன. அவற்றைக் கவனமாக விலக்கியே வேலை செய்ய வேண்டியிருப்பதால் தற்காலிக மரப்புக்கு இடமுண்டு.

தீமை என்னவென்றால் நீளம் குறையும். நீண்ட பக்கம் குறுகிய பக்கத்தின் அளவுக்கு வந்து நிற்கும் என்பதால், விறைத்த குறியின் உள்வளைவுப் பக்கத்தை அளந்தாலே சிகிச்சைக்குப் பின் மிஞ்சக்கூடிய நீளம் ஏறத்தாழத் தெரிந்துவிடும். வளைவு கூடக்கூட இழப்பும் கூடும். பலருக்கு இது ஒன்று முதல் ஒன்றரை சென்ரிமீற்றர்வரை இருக்கும். இதை வைத்தியர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நோயாளி வாய்திறந்து கேட்க வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் மனக்குறைகளில் பெரியது இதுதான். தோலுக்கு அடியில் முடிச்சுகள் தட்டுப்படுவது சிலருக்குச் சங்கடமாக இருக்கும். சிறிதளவு வளைவு மிஞ்சுவது தோல்வியல்ல. 20 பாகைக்குள் நின்றால் வெற்றியென்றே கொள்வார்கள், ஏனெனில் அது உறவுக்கு இடையூறு செய்வதில்லை.

வளைவு 60 பாகையைத் தாண்டியிருந்தால், அல்லது குறுகல் இருந்தால், அல்லது இனியும் நீளம் குறைவதைத் தாங்க முடியாத நிலையானால், தகடுள்ள பக்கத்தையே நீட்டும் இரண்டாம் முறைக்குப் போக வேண்டும். முன்காலத்தில் தகடு முழுவதையும் வெட்டியெடுத்தார்கள். பெரிய இடைவெளி உண்டாகி, விறைப்பின்போது உள்ளே தங்க வேண்டிய இரத்தம் கசிந்து, விறைப்புக் குறைபாடு பலருக்கு வந்தது. இப்போது வளைவு மிகுந்த இடத்தில் தகட்டைக் கீறி விரித்து, அல்லது அதன் ஒரு பகுதியை மட்டும் நீக்கி, அந்த வெற்றிடத்தின்மேல் ஒட்டு வைத்துத் தைக்கிறார்கள். மேற்பக்கத் தகட்டை அடைவதற்கு நரம்புக் கொத்தை முழுவதும் உயர்த்தியாக வேண்டும் என்பதால் இதற்குத் தேர்ந்த கை வேண்டும்.

ஒட்டுக்கு எதைப் பயன்படுத்துவது என்பது நம்மவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. நோயாளியின் சொந்தக் காலிலிருந்து எடுக்கும் தோலடி நாளம் 1998இலிருந்து பரவலாகப் பயன்பட்டுவருகிறது. அதற்குக் காலில் இன்னொரு வெட்டு வேண்டும். கன்னத்தின் உட்சவ்வையும் எடுக்கலாம். ஆனால் நெடுங்காலமாக வெற்றிலை பாக்குப் போடுபவரின் கன்னச் சவ்வு பாக்கினால் இறுகித் தடித்திருக்கக்கூடும் என்பதால் அது அவருக்குப் பொருந்தாமற்போகலாம். ஆகவே வெற்றிலை போடும் பழக்கத்தை வைத்தியரிடம் மறைக்கக் கூடாது. இவற்றைத் தவிர, பதப்படுத்தித் தயாராக விற்கப்படும் ஒட்டுகளும் உள்ளன. அவற்றுட் சில மாட்டின் இதய உறையிலிருந்தும், சில பன்றியின் குடற்சவ்விலிருந்தும் செய்யப்படுபவை. இந்துவோ முஸ்லிமோ, இதில் மனத்தடை உள்ளவர் அதைத் திகதி குறிப்பதற்கு முன்பே சொன்னால் மாற்றொன்றைத் தெரிவுசெய்ய வழியிருக்கும். மயக்கம் தெளிந்த பிறகு அறிந்து வருந்துவதில் எவருக்கும் பயனில்லை.

ஒட்டு முறை நீளத்தைப் பெரும்பாலும் காக்கும், குறுகலையும் சீராக்கும். அதற்கு விலையும் உண்டு. விறைப்பு முன்னைவிடத் தளர்வது சுருக்கும் முறையைவிட இதில் கணிசமாகக் கூடுதல்; வயது முதிர்ந்தவர்களுக்கும், ஏற்கெனவே விறைப்பு தளர்ந்தவர்களுக்கும், வளைவு மிக அதிகமாக இருந்தவர்களுக்கும் இந்த ஆபத்து இன்னும் கூடும். தலைப்பகுதியில் உணர்வு குறைவது பலருக்குச் சில மாதங்களில் மீளும். சிலருக்கு ஓரளவு நிலைத்துவிடும். ஒட்டே காலப்போக்கில் சுருங்கி வளைவு திரும்புவதும் உண்டு. எனவே விறைப்பு உறுதியாக இருப்பவருக்கே இம்முறையைச் சொல்வார்கள். நீளத்தைக் காக்கும் ஆசையில், தளர்ந்த விறைப்போடு இதற்குள் இறங்குவது தவறான தெரிவு என்பதே என் உறுதியான எண்ணம்.

குளிசைக்கும் ஊசிக்கும் இணங்காத விறைப்புக் குறைபாடும் வளைவும் சேர்ந்திருந்தால், வளைவை மட்டும் திருத்துவதில் பொருளில்லை. நிமிர்ந்த குறி விறைக்காமலே இருக்கும். நீரிழிவு பரவலாக உள்ள நமது சமூகத்தில் இந்த இரண்டும் சேர்ந்துவருவதை எதிர்பார்த்தே ஆகவேண்டும். இவர்களுக்குரியது மூன்றாவது முறை: உருளைகளுக்குள் செயற்கை உள்வைப்பைப் பொருத்துதல். வளைத்து நிமிர்த்தக்கூடிய இரண்டு கோல்களைப் பொருத்துவது எளிய வகை. அதன் விலையும் குறைவு, பழுதாவதும் குறைவு, ஆனால் குறி எப்போதும் ஓரளவு விறைப்பாகவே இருக்கும். மற்றையது 1973இல் அமெரிக்காவில் பிரான்ட்லி ஸ்கொட் முதலானோர் அறிமுகப்படுத்திய, திரவத்தால் நிரம்பும் வகை. அதில் இரண்டு செயற்கை உருளைகளும், விதைப்பைக்குள் ஒரு சிறு பம்பும், அடிவயிற்றில் ஒரு திரவப் பையும் இருக்கும். பம்பை அழுத்தினால் விறைக்கும், விடுவித்தால் தளரும்.

பல வேளைகளில் உள்வைப்பு பொருத்தியதுமே வளைவின் பெரும்பகுதி நிமிர்ந்துவிடும். மிஞ்சியிருந்தால், உள்வைப்பின் உருளைகளை முழுவதும் நிரப்பி, வளைவுக்கு எதிர்த்திசையில் கையால் வளைத்து ஒன்றரை நிமிடமளவு பிடித்துத் தகட்டை விரிசலிடச் செய்வார்கள்; வில்சன், டெல்க் ஆகிய இருவர் 1994இல் வெளியிட்ட உத்தி இது. அதற்கும் மசியாத வளைவுக்குத் தையலோ ஒட்டோ கூடச் சேர்க்கப்படும். உணர்வும் உச்சமும் விந்து வெளியேற்றமும் முன்போலவே இருக்கும். இழந்த நீளம் திரும்பக் கிடைக்காது. இது திரும்பிவரும் பாதையும் அல்ல: உள்வைப்புக்கு இடம் செய்யும்போது உட்திசு நசிந்துவிடுவதால், பின்னர் கருவியை அகற்றினாலும் இயல்பான விறைப்பை எதிர்பார்க்க முடியாது. தொற்று வருவது நூற்றில் சிலருக்கே என்றாலும், வந்தால் கருவியை எடுக்க நேரிடலாம். அதனால் இரத்தச் சீனியைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே திகதி தருவார்கள். திரவக் கருவி பத்து வருடத்துக்கு மேலும் உழைக்கக்கூடியது. எனினும் இயந்திரம் என்பதால் ஒருநாள் மாற்ற வேண்டிவரலாம்.

முதல் இரண்டு முறைகளுக்கும் பொதுவான ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். உறையை அடைவதற்குக் குறியின் தலைக்குச் சற்றுக் கீழே தோலைச் சுற்றிக் கீறிக் கீழ்நோக்கி உருட்டுவது வழக்கம். சுன்னத்துச் செய்தவர்களுக்கு அது பழைய தழும்பின் வழியே நடந்துவிடும். செய்யாதவர்களுக்கு முன்தோல் வீங்கி இறுகிவிடாதிருக்க, அதையும் அப்போதே அகற்றிவிடும்படி சில வைத்தியர்கள் சொல்வார்கள். எல்லோருக்கும் அது கட்டாயமில்லை. கீறலை வேறிடத்தில் வைக்கவும் முடியும். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொழும்பில் இதற்குப் போகவேண்டிய இடம் சிறுநீரியல் சத்திரசிகிச்சை நிபுணரின் கிளினிக். தோல் வைத்தியரிடமோ பால்வினை நோய்ச் சிகிச்சை நிலையத்திலோ தொடங்கத் தேவையில்லை. குடும்ப வைத்தியரின் கடிதத்தோடு கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குப் போகலாம். தனியார் வைத்தியசாலையில் சனல் செய்தும் பார்க்கலாம். இந்த வகைச் சத்திரசிகிச்சைகளை அவர் வழமையாகச் செய்பவரா, எந்த முறையை ஏன் தெரிவுசெய்கிறார் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. உள்வைப்பானால் கருவியின் வகை, விலை, அதை யார் வாங்கித் தர வேண்டும் என்பனவற்றையும் முன்கூட்டியே எழுத்தில் பெறுவது நல்லது. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இதைச் சொல்லக் கூச்சப்படுபவர்கள், நோய் எப்போது தொடங்கியது, வலி எப்போது நின்றது, வளைவு எந்தப் பக்கம், விறைப்பு எப்படி, என்னென்ன மருந்து எடுக்கிறோம் என்பவற்றை ஒரு தாளில் எழுதுவித்துக் கொண்டுபோகலாம். கைபேசிப் படங்களோடு அத்தாள் பாதிக் கதையைச் சொல்லிவிடும். மொழிபெயர்க்க மகனையோ மருமகனையோ கூட்டிப்போவதைவிட மனைவி உடன் வருவது மேல். மிஞ்சப்போகும் நீளம், சில வார இடைவெளி, கருவி என்றால் அதன் இயக்கம் எல்லாம் அவருக்கும் உரிய விடயங்களே.

பெரும்பாலானோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புவார்கள். வீக்கமும் கண்டலும் இரண்டு வாரமளவு இருக்கும். தூக்கத்தில் தானாக வரும் விறைப்பு முதல் வாரங்களில் வலிக்கும். அதனால் தையல் பிய்ந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். ஆறு வாரமளவு உடலுறவைத் தவிர்க்க வேண்டும். பாரம் தூக்குவதையும் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும் எப்போது தொடங்கலாம் என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒட்டு வைத்தவர்களுக்குச் சில வாரங்களின் பின் மெதுவாக நீவி இழுக்கும் பயிற்சியும், இரவில் விறைப்புக் குளிசையும், சிலருக்கு இழுவைக் கருவியும் சொல்லப்படும். ஒட்டு சுருங்காமல் ஆறுவதற்கே இவையெல்லாம். காய்ச்சல், புண்ணிலிருந்து சீழ், நாளுக்குநாள் கூடும் சிவப்பும் வலியும், சிறுநீர் அடைப்பு, குறியின் தலை கறுத்துக் குளிர்வது ஆகிய இவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த கிளினிக் நாள்வரை பொறுத்திராமல், இரவானாலும் விடுமுறை நாளானாலும், அருகிலுள்ள வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்ல வேண்டும்.